கப்டன் மனைவி பேசிய தமிழ்

போன வருடம் பாடசாலை விடுமுறையில் எனக்கு ஒரு சினிமா வேலை கிடைத்தது. நடிப்பதற்கில்லை. ஒரு சிங்களப் படத்தின் பேச்சைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். அது திரையின் அடியில் ஓடும். படத்தை எடுத்தவள் முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண். கண்டியில் தமிழ் படிப்பிக்கிற டீச்சர் ஒருவருக்குச் சிங்களமும் நன்றாக வரும் என்று யாரோ சொல்லி, குண்டசாலையில் எங்கள் வீட்டைத் தேடி வந்துவிட்டாள்.

கதை ஓர் இராணுவ முகாமின் குடியிருப்பில் நடக்கிறது. போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு கப்டன், அவனுடைய மனைவி. காலையில் எழுந்தால் அவன் சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவான், பொத்தான்களை மினுக்குவான், மனைவியின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டான். பக்கத்து வீட்டில் முகாமின் டாக்டர். அவருக்கும் தன் மனைவியோடு பேச்சில்லை. ஒரு மழைநாளில் டாக்டர் மறந்து விட்டுப்போன மழைக்கோட்டை எடுத்து இந்தப் பெண் முகத்தோடு அணைத்துக்கொள்கிறாள். அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சீருடை என்றால் எனக்குச் சோதனைச் சாவடிதான் ஞாபகம் வரும். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற இளவயது. அந்தச் சீருடையைக் கழற்றி மாட்டும் அறைக்குள்ளே இப்படி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்கத் தொடங்கியதும் அவள்மேல் பிரியம் வந்துவிட்டது.

மடிகணினியை அறைக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்தேன். வெட்கம்தான் காரணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் நானும் என் கணவரும் இந்த மாதிரி விஷயம் எதையும் பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, பழகவில்லை, அவ்வளவுதான். அவர் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையைப் பார்த்துக்கொள்கிறவர். மகள் படிக்க யாழ்ப்பாணம் போன பிறகு எங்கள் பேச்சு "சோறு போடவா", "கேட்டைப் பூட்டியாச்சா" என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

மூன்றாம் நாள் பின்னேரம் அவர் கதவைத் தட்டினார். கையில் இரண்டு கோப்பைத் தேநீர். அவர் தேநீர் ஊற்றி நான் அதுவரை கண்டதில்லை.

"உள்ள யாரு அழுவுறது?"

"கப்டன் பொண்டாட்டி," என்றேன்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு முகாமுக்குப் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகிற லொறி ஓட்டியவர். சிப்பாய்கள் பேசுவதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் "மேலதிகாரி" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "அவனுக தங்களுக்குள்ள இப்படியா சொல்லுவானுக? பெரியவருன்னு போடு," என்றார். போட்டுப் பார்த்தேன். உடனே அந்தச் சிப்பாய்க்கு உயிர் வந்துவிட்டது. மறுநாள் கடையிலிருந்து நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் கழித்து அந்த முக்கியமான காட்சிக்கு வந்தோம். கப்டன் குனிந்து சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். மனைவி கதவில் சாய்ந்து நின்று ஒரேயொரு வசனம் பேசுகிறாள். "என்னை ஏன் புறக்கணிக்கிறீர்கள்?" என்று நான் எழுதியிருந்தேன். என் கணவர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எதிர்க்கட்சிக்காரர் பாராளுமன்றத்துல கேக்குற மாதிரி இருக்கு. புருசன்கிட்ட ஒரு பொம்பள இப்படியா கேப்பா?"

"வேற எப்படிக் கேப்பா?"

"நீ எப்படிக் கேப்ப?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"என்னையும் கொஞ்சம் பாருங்களேன்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நிதானமாக, பத்திரிகை வாசிக்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்தார்.

"மூக்குத்தி புதுசா?"

"ரெண்டு வருசமாச்சு."

தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். "நீ சொன்னதையே எழுது," என்றார். எழுதினேன். அன்று அதற்கு மேல் படவேலை நடக்கவில்லை.

தமிழ் எழுத்தோடு படத்தைக் கண்டியில் ஒரு ஞாயிறு காலையில் காட்டினார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். திகனையிலிருந்து சில கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அந்த வசனம் திரையில் வந்ததும் எங்களுக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "நல்லாக் கேளு புள்ள!" என்று சத்தமாகச் சொன்னாள். மண்டபமே சிரித்தது, கை தட்டியது. தமிழ் தெரியாத அந்த இளம் இயக்குநர் பயந்துபோய், பிழையாக ஏதும் எழுதிவிட்டோமா என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் எட்டிப் பார்த்து, "பிழையில்லை, எல்லாருக்கும் விளங்கிவிட்டது," என்று தன் லொறிக்காரச் சிங்களத்தில் சொல்லிவிட்டார்.

வெளியே வரும்போது மழை தூறியது. எங்கள் பாடசாலையின் யாழ்ப்பாணத்து டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள். ஆனா அந்த மனுசன் ஒரு மறுமொழியும் சொல்லேல்லையே! எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்தது."

அவருடைய கணவர் பக்கத்தில் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

குண்டசாலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் ஓடப் பார்த்தேன். "அடுத்தது வரும், வா," என்று என் கணவர் என்னை ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் கூட்டிப்போய் இரண்டு பலூடா சொன்னார். அது வரும்வரை படத்தின் முடிவை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கதையில் கப்டன் லீவு போட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு ஒரு வேனில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறான்.

"அப்ப டாக்டரும் அவர் பொண்டாட்டியும்?" என்று கேட்டேன்.

 அவர்களையும் அதே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்.