ராசியான சீட்

குஷன் மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக ஓரத் தையலைத் தடவிப் பார்ப்பார். பஸ்ஸோ, டாக்டர் அறையோ, பள்ளிக்கூட ஆபீசோ, எதுவானாலும் சரி. தையல் கோணலாக இருந்துவிட்டால் போச்சு, எதிரில் இருப்பவர் பேசுவது ஒன்றும் காதில் ஏறாது. "கையை எடுங்க, ஆளுங்க பாக்கறாங்க" என்று மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவார்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரே பட்டறை. மோதி நசுங்கி வரும் கார்களைச் சரிசெய்யும் இடம். முன்பக்கம் முழுக்க டிங்கர்காரரின் சுத்தியல் ராஜ்யம். பின்னால் ஒரு நீள அறையில் மாஸ்டரின் தையல் மெஷின், ஃபோம் ஷீட்டுகள், பசை டின்கள். டிங்கர்காரர் காரின் உடம்பை நிமிர்த்தித் தருவார். மாஸ்டர் உள்ளே இருக்கைகளை உரித்து, மறுபடி உடுத்திவிடுவார். வேலை முடிந்து பார்த்தால் அந்த வண்டி அடிபட்டது என்று அதன் சொந்தக்காரரே மறந்துவிடுவார். அதில் மாஸ்டருக்கு அசாத்தியப் பெருமை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷன் மசிய மாட்டார். அடிபட்ட வண்டியின் சீட் பெல்ட்டை மறுபடி மாட்டவே மாட்டார். ஒரு தடவை ஆளைப் பிடித்து நிறுத்திய பெல்ட் தன் வேலையை முடித்துவிட்டது என்பது அவர் கணக்கு. "நல்லாத்தானே இருக்கு" என்று வண்டிக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். மாஸ்டர் பெரிய கத்தரிக்கோலை எடுத்து, அந்த பெல்ட்டை அவர்கள் கண்ணெதிரிலேயே இரண்டாக வெட்டிப் போட்டுவிடுவார். வெட்டின பிறகு என்னத்தை வாதாடுவது?

அப்படிப்பட்ட மனுஷர் சொந்த வீட்டில் என்ன செய்தார் என்பதுதான் கதை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த பெண். கூப்பிடும் பேர் வாலு, பேருக்கேற்ற குணம். அவளுக்கு ஒரு வயது நெருங்கும்போது வீட்டுக்கு ஒரு பழைய கார் வந்தது. வண்டி வந்த அன்றே மனைவி, "குழந்தைக்கு சீட் வாங்கணும்" என்றாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு தாள், உலகத்தில் அதைப் பிரித்துக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்று மாஸ்டர் கிண்டல் செய்வார்.

கடைக்குப் போனார்கள். மனைவி வாலுவின் எடையையும் உயரத்தையும் தாளில் குறித்துக்கொண்டு வந்திருந்தாள். எந்த சீட்டைப் பின்பக்கம் பார்த்து வைக்கலாம், எத்தனை கிலோ வரைக்கும் அப்படி வைக்கலாம், தோள்பட்டை வார் நுழைகிற எந்த ஓட்டைக்கு நேராக வர வேண்டும் என்று விற்பனைப் பெண்ணைக் குடைந்து எடுத்தாள். மாஸ்டரோ வரிசையாக ஒவ்வொரு சீட்டாகத் தடவிக்கொண்டே போனார்.

"இதெல்லாம் ஒரு தையலா? சாக்குப்பை தைக்கிறவன்கூட இதைவிட நல்லாத் தைப்பான்."

"உறை எப்படி இருந்தா என்னங்க? உள்ள இருக்கறதுதான் புள்ளையக் காப்பாத்தும்."

"நீ மருந்தைப் பாரு. சீட்டை நான் பாத்துக்கறேன்."

வெறுங்கையோடு திரும்பினார்கள். மாஸ்டரின் மனதில் இருந்தது வேறு. ஒன்பது வருஷம் ஏங்கிப் பெற்ற பெண்ணைக் கடைச் சரக்கில் உட்கார வைக்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. தன் கையால் தைத்த ஒன்றில் அவள் உட்கார வேண்டும். அது வெறும் ஆசைதான். அதை ஆசை என்று சொல்லியிருந்தால் மனைவியும் புரிந்துகொண்டிருப்பாள். அவர் அதைத் தொழில் ஞானம் என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த வாரமே பட்டறைக்கு ஒரு கார் வந்தது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. பின்னிருக்கையில் ஒரு குழந்தை சீட், நல்ல கம்பெனிச் சரக்கு, அப்படியே இருந்தது. உள்ளே இருந்த குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். வண்டியைப் பார்க்க வந்த அப்பா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "அதை எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க. பாக்கவே முடியலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் தூக்கிப் போடவில்லை. இவ்வளவு பெரிய அடியில் ஒரு குழந்தையைக் காப்பாற்றிய சீட்! இதைவிட ராசியானது வேறு எது கிடைக்கும்? டிங்கர்காரரும், "குடுத்து வச்சவன்யா நீ, தானா வருது பாரு" என்றார்.

அன்று மத்தியானம் உறையை உரித்தார். முதுகுப் பக்கம், பெல்ட் நுழைகிற வாய்க்குப் பக்கத்தில், பிளாஸ்டிக்கில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெளுத்த கோடு. பிளாஸ்டிக் ஒரு தடவை மடங்கினால் அந்த இடம் அப்படித்தான் வெளுத்துப்போகும். உடைந்த பம்பர்களில் தினம் பார்ப்பதுதானே. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. "தாங்கும்" என்று தனக்குத்தானே ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு, அதன்மேல் ஃபோமை ஒட்டினார். வழக்கமாக ஒரு அடுக்கு போதும். அன்றைக்கு என்னமோ இரண்டு அடுக்கு ஒட்டினார்.

இளநீல உறை, ஓரத்தில் மஞ்சள் நூலில் இரட்டைத் தையல். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவியே வாயைப் பிளந்து பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"இதோட பேப்பர் எங்க?"

"சீட்டுக்கு எதுக்கும்மா பேப்பர்?"

"அடிபட்ட வண்டியில இருந்ததுன்னு சொல்றீங்களே?"

"வண்டிக்குத்தான் அடி. சீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. முழுசாப் பிரிச்சுப் பாத்துட்டேன்."

முழுசாகப் பிரித்துப் பார்த்தது உண்மைதான். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை செய்கிறவர் சொன்னால் மனைவி நம்பாமல் என்ன செய்வாள்?

வாலு அந்த சீட்டில் ஏறுவதற்குள் தெருவே கூடிவிடும். உடம்பைப் பலகையாக விறைத்துக்கொள்வாள். ஒரு கையை நுழைத்தால் இன்னொரு கை வெளியே வந்துவிடும். "ஏண்டி, உன்னைக் கட்டறதுக்குள்ள எனக்கு இடுப்பு விட்டுப்போகுது" என்று மனைவி மூச்சு வாங்குவாள். இருந்தாலும் ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. வாரை இழுத்து, தோளில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்து, அதற்குமேல் இடம் இருந்தால் மறுபடி இழுப்பாள். அந்த இரட்டை ஃபோம் அமுங்கி அமுங்கி வாரைத் தளர்த்திக்கொண்டே இருந்தது. "என்னங்க இது, இழுக்க இழுக்க லூசாகுது?" என்பாள். "மெத்துனு இருக்கில்ல, அதான்" என்பார் மாஸ்டர்.

இரண்டரை வருஷம் ஓடியது. சொந்தக்காரர்கள் அந்த சீட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 'ராசியான சீட்' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. வாலுவின் தோள், வார் நுழைகிற மேல் ஓட்டையைத் தாண்டியதும் மனைவி கடைக்குப் போய், தாளைப் படித்துப் பார்த்து அவளுக்குப் பெரிய சீட் ஒன்று வாங்கினாள். பழையதை மனைவியின் தங்கை முன்பதிவே செய்து வைத்திருந்தாள். அவள் பையனுக்கு ஒரு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை. வீட்டு வாசல் படியில் மாஸ்டர் சீட்டையும் பசை டின்னையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மச்சினி பையனுக்குப் போவதால் புது ஃபோம் போட்டுக் கொடுக்கலாம் என்று எண்ணம். உறையைக் கழற்றினார். பழைய ஃபோமைக் கிழித்தார். முதல் அடுக்கு, இரண்டாவது அடுக்கு.

விரற்கடை நீளம் இருந்த கோடு இப்போது சாண் நீளம். பெல்ட் வாயிலிருந்து விளிம்பு வரை ஓடியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். கோடு லேசாக வாயைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

போன மழைக்காலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் சடாரென்று பிரேக் போட்டது ஞாபகம் வந்தது. பின்னால் வாலு வாரில் தொங்கிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தது ஞாபகம் வந்தது. அவரும்கூடச் சிரித்தாரே.

அடுத்த நினைப்பு வந்ததற்காக அவர் பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் வந்தது. கை தானாகப் பசை டின் பக்கம் போயிற்று. பின்னால் ஒரு தகடு வைத்து, புது ஃபோம் ஒட்டி, உறையைப் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? இல்லை, வேறு ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடலாம். எப்படியானாலும் 'அன்றைக்கே பார்த்தேன்' என்று மனைவியிடம் சொல்ல வேண்டியிருக்காது.

வாலு பொம்மையோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உறையில்லாத சீட்டில் பொம்மையை உட்கார வைத்து, வாரை மாட்டி இழுத்தாள். அம்மா செய்வது போலவே தோளில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தாள்.

"டைட்டா இருக்கு. கிளம்பலாம்ப்பா."

மாஸ்டர் பசை டின்னை மூடினார்.

மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் அவள் கட்டைவிரலைப் பிடித்து அந்தக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினார். அது திறந்தது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ! எப்ப ஆச்சு இது?"

இங்கேதான் தப்பிக்க வழி இருந்தது. இப்போதுதான் பார்த்தேன் என்றால் முடிந்தது விஷயம்.

"வரும்போதே இருந்துச்சு. சின்னதா. பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"பாத்துட்டுத்தான் ஒட்டினேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் படியில் உட்கார்ந்து, வாலுவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாலு நெளிந்தும் அவள் விடவில்லை.

"ஊர்ல உள்ளவன் பெல்ட்டையெல்லாம் வெட்டிப் போடறீங்க" என்றாள் மெதுவாக. "யாரோ எவரோ, அவங்களுக்கு அவ்வளவு பாக்கறீங்க. நம்ம புள்ளைக்கு மட்டும் ஏங்க இப்படி?"

"என் கையால தச்சதுல அவ உக்காரணும்னு இருந்துச்சு."

"அதை அன்னைக்கே சொல்லியிருந்தா, கடையில புதுசு வாங்கிட்டு அவளுக்கு ஒரு தலையணை தச்சுக் குடுங்கன்னு சொல்லியிருப்பேனே."

மாஸ்டரால் தலை நிமிர முடியவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஒன்றும் ஆகாமல் போனதில் தன் கைவண்ணம் துளிகூட இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு மச்சினி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். "என்ன அத்தான், ராசியான சீட் ரெடியா?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளே ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்ற நப்பாசையும் அத்தோடு போயிற்று. அவர் உள்ளே போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்தார். மச்சினி கண்ணெதிரிலேயே வார்களை ஒவ்வொன்றாக வெட்டினார். அப்புறம் மஞ்சள் நூல் இரட்டைத் தையல் போட்ட அந்த உறையையும் வெட்டினார்.

"அத்தான்! என்ன பண்றீங்க?"

"ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. உடைஞ்ச சீட்டு. உடைஞ்சதுன்னு தெரிஞ்சே மூடி வச்சேன். உன் அக்காகிட்டயும் இன்னைக்குத்தான் சொன்னேன்."

மச்சினி பையனை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள். எப்போதும் அத்தானை வம்புக்கு இழுக்கிற பெண், அன்று ஒரு வார்த்தைகூடக் கிண்டலாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கடைக்குப் போனார்கள். அதே விற்பனைப் பெண். மாஸ்டர் இந்தத் தடவை எந்தத் தையலையும் தடவவில்லை. பையனுக்கு எடுத்த சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, பெல்ட் போகும் வழியை விரல் வைத்துப் பின்தொடர்ந்தார். உள்ளே இருந்த தாளைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். பேசவில்லை.

பேச்சு நாலைந்து நாளில் திரும்பிவிட்டது. ஒரே வீட்டில் எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? ஆனால் ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. முன்பெல்லாம் காரில் சீட்டை மாட்டுவது மாஸ்டர் வேலை, மனைவி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இப்போது அவர் மாட்டி முடித்ததும் அவள் பின்கதவைத் திறந்து குனிகிறாள். சீட்டின் அடியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கிறாள். அப்புறம்தான் வாலு ஏறலாம்.

ஒருநாள் வாலுவே கேட்டுவிட்டாள். "அப்பாதான் மாட்டிட்டாரே, ஏம்மா மறுபடி பாக்கறே?"

மனைவி சீட்டை இன்னொரு தடவை ஆட்டினாள். மாஸ்டர்தான் திரும்பி உட்கார்ந்து, "பாக்கட்டும்டா. அம்மா பாக்கணும்" என்றார்.

அவள் ஆட்டிப் பார்த்து முடித்துக் கதவைச் சாத்தும் வரை அவர் சாவியைத் திருப்புவதில்லை.