ஐந்தாம் குழிப் பேச்சியம்மாள்

பேச்சியம்மாள் ஒரு நாளும் கோல்ஃப் ஆடியதில்லை. அந்த மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும், மலாயாவில் சாஆவுக்கும் லாபிசுக்கும் நடுவே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் ஐந்தாம் குழியை நினைத்து ஜோகூர்த் துரைமார்கள் பல்லைக் கடித்தார்கள் என்றால், அந்தப் பெருமை முழுக்க அவளைத்தான் சேரும். பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இவள் வாழ்க்கையை எழுத நான் ஒருவன்தான் அகப்பட்டேன். ஆகவே என் மனம் போனபடிதான் எழுதுவேன்.

ஜெர்மன் சண்டைக்கு முன்னால், புருஷன் அய்யாவுடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள் அவள். கப்பலில் எல்லாரும் ஒரே தட்டில் படுத்து, ஒருவர் மேல் ஒருவர் வாந்தி எடுத்து, ஒரே பீப்பாய்த் தண்ணீரைக் குடித்துத்தான் வந்தார்கள். தோட்டத்தில் இறங்கிய மறுநாளே கூலி வீட்டு வரிசைகளில் மேல் லயம், கீழ் லயம் என்று பிரிந்துகொண்டார்கள். சாதியைக் கடலில் போட்டுவிட்டு வந்ததாகச் சிலர் மேடையில் பேசுகிறார்கள். அப்படி யாரும் எதையும் போடவில்லை. மூட்டையில் முதலில் கட்டியதே அதைத்தான்.

பேச்சியம்மாளும் அய்யாவும் கீழ் லயத்துச் சாதி. ஆனால் அய்யாவுக்கு மாட்டுவண்டி ஓட்டும் வேலை கிடைத்ததால், மாட்டுக் கொட்டகையை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு தனி வீடு கொடுத்தார்கள். சாணி நாற்றம் வீசிய இடம் என்பதால் யாரும் பொறாமைப்படவில்லை. சில வருஷத்தில் அய்யாவு மலைக்காய்ச்சலில் அந்த வீட்டிலேயே கண்ணை மூடினான். அப்புறம் லோரி வந்தது, மாடுகள் போயின, கொட்டகையும் விழுந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பேச்சியம்மாள் பகலில் புல் வெட்டும் கூட்டத்தோடு போவாள், சாயங்காலம் வந்து வாசலைச் சாணி போட்டு மெழுகுவாள். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீடும் வாசலும்தான் அவளுக்கு எல்லாம். புருஷன் செத்த இடத்தில் தானும் சாக வேண்டும் என்பதைத் தவிர அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த, மரத்தில் குறைவாகப் பால் எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மரங்களுக்கு ஓய்வு கிடைத்தது, துரைமாருக்கும் ஓய்வு கிடைத்தது, எங்கள் ஆட்களுக்கு மட்டும் மண் வெட்டும் வேலை கிடைத்தது. பங்களா மேட்டிலிருந்து சதுப்பு வரைக்கும் லல்லாங் புல்லைப் பிடுங்கி எறிந்து, ஒன்பது குழி கொண்ட கோல்ஃப் திடல் ஒன்றை அமைத்தார்கள். சோறு விளையாத, பால் வடியாத ஒரு நிலத்தை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டதை எங்கள் ஆட்கள் அதற்கு முன் கண்டதில்லை.

ஐந்தாம் குழி இருந்த இலட்சணம் இதுதான். மேட்டிலிருந்து அடிக்கிற பந்து சதுப்பைத் தாண்ட வேண்டும். தாண்டுகிற வேகத்தில் அடித்தால் குழியையும் தாண்டிவிடும். குழிக்குப் பின்னால் சரிவு, சரிவின் அடியில் பேச்சியம்மாளின் வாசல். மெதுவாக அடித்தவர் பந்து சேற்றில், பலமாக அடித்தவர் பந்து அவள் வீட்டில். விழுந்த இடத்திலிருந்துதான் மறுபடி அடிக்க வேண்டும் என்பது சீமை விதியாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் துரைமார்கள் ஆணி அடித்த சப்பாத்துக் காலோடு அவள் மெழுகிய வாசலில் இறங்கி, மண்ணைப் பெயர்த்துப் பந்தை அடித்தார்கள்.

ஒரு தடவை சின்னத் துரையின் பந்து, பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்க்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த பிள்ளை. மிளகாய் இன்னதென்று தெரியாது. காலை அகட்டி நின்று ஓங்கி ஒரு வீச்சு வீசினார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மிளகாய்தான் பறந்தது. சின்னத் துரையையும் அவருக்குப் பை தூக்கிய வேலுவையும் கண்ணீரும் கம்பலையுமாகக் கையைப் பிடித்து மேட்டில் ஏற்றினார்கள்.

பேச்சியம்மாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போனாள். கிராணி கனகசுந்தரம் யாழ்ப்பாணத்து மனிதர். துரையிடம் பேசும்போது ஒரு குரல், கூலிகளிடம் பேசும்போது வேறு குரல் என்று இரண்டு குரல் வைத்திருந்தார்.

"ஐயா, சாணி போட்டு மெழுகுன வாசலுங்க. ஆணி சப்பாத்தோட வந்து மிதிக்கிறாங்க. மொளகாய எல்லாம் வாரி அடிச்சிட்டாங்க. நீங்கதான் தொரைகிட்ட சொல்லணும்."

"துரைமாற்ற விளையாட்டில நான் தலையிடேலாது. நீ மிளகாயை வேற எங்கையாவது காய விடு. கனக்கக் கதைச்சியெண்டா அந்த வீட்டையே பிடுங்கச் சொல்லிப்போடுவினம்" என்றார் அவர்.

பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அம்மிக் குழவி கொஞ்ச நாள் முன்பு இரண்டாக உடைந்துபோய் மூலையில் கிடந்தது. அதில் ஒரு பாதியை எடுத்து வாசல் நடுவில் நட்டாள். மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், பழைய சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்துச் சுற்றினாள், முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். இதைப் பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு வந்தது கோபம். கோபத்தில் செய்த காரியம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்த பந்து பெரிய துரையுடையது. அவர் இறங்கி வருவதற்குள் பேச்சியம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"தொரை, சாமி இருக்கு. சப்பாத்த கழட்டிட்டுத்தான் வரணும்."

பெரிய துரைக்கு முகம் சிவந்தது. ஆனால் அவர் உலகம் தெரிந்தவர். இன்னொரு தோட்டத்தில் சாமி மரத்தை வெட்டப்போய், ஆட்கள் கூண்டோடு பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிய கதை அவர் காதுக்கும் வந்திருந்தது. அதற்குள் ரப்பர் விலை மறுபடி ஏறி, ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாகியிருந்தது. கூலிகளின் சாமி விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பது கம்பெனி சொல்லி அனுப்பிய புத்தி. துரை ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, சரிவில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.

வெள்ளைக்காரன் பாதம் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி இருந்ததாக வேலு சொன்னான். அந்தக் கிழங்கு இரண்டும் தொட்டாச்சிணுங்கி முள்ளில் பட்டதும் துரை குதித்த குதி இருக்கிறதே, அதைப் பார்த்தவர்கள் மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் வரைக்கும் சிரித்தார்கள். களை பிடுங்குவதையே தொழிலாகக் கொண்ட பேச்சியம்மாள், அந்த முள்ளை மட்டும் கடைசி வரை பிடுங்கவில்லை. வாசலோரத்து ரம்புத்தான் மரத்தில் முசுறு எறும்பு வேறு கூடு கட்டியிருந்தது. அதையும் அவள் கலைக்கவில்லை.

ஐந்தாம் குழியின் புகழ் பரவிவிட்டது. குளுவாங், பத்து பகாட் பக்கத்துத் துரைமார்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள், வெறுங்காலோடு நொண்டிக்கொண்டே போனார்கள். சிங்கப்பூரில் கோப்பை வாங்கியவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், முசுறு கடிக்கக் கடிக்க ஆடியதில், எத்தனை அடி அடித்தோம் என்கிற கணக்கையே விட்டுவிட்டார். கிளப்பில் உட்கார்ந்து, மலாயாவிலேயே ஆகக் கடினமான குழி எது என்று பேச்சு வந்தால், எல்லாரும் ஒருமித்துக் கையைக் காட்டியது எங்கள் தோட்டத்தைத்தான். சின்னத் துரை இன்னும் ஒரு படி மேலே போனார். மேட்டிலிருந்து அடிப்பதற்கு முன்னால் வேலுவிடம் தேங்காய் ஒன்று கொடுத்தனுப்பி, சாமிக்கு உடைத்துவிட்டு வரச் சொன்னார். அப்படியும் பந்து சதுப்பில்தான் விழுந்தது.

வினை அங்கேதான் பிறந்தது. தங்களைக் கண்டால் கூலிக்காரன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவர்கள் துரைமார்கள். அப்பேர்ப்பட்டவர்களே சப்பாத்தைக் கழற்றுகிறார்கள் என்றால், அந்த அம்மனிடம் எவ்வளவு சக்தி இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் யோசித்தார்கள். முதலில் மேல் லயத்துக் கிருஷ்ணம்மா முழங்கால் வலிக்கு வேண்டிக்கொண்டாள், வலி போய்விட்டது. அடுத்து ஒருத்திக்குக் காணாமல் போன ஆடு திரும்பி வந்தது. அதன் பிறகு கூட்டத்தைக் கேட்கவா வேண்டும். மேல் லயத்தார் பேச்சியம்மாளின் வாசலுக்கு வெளியே நின்றே கும்பிட்டார்கள். அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. திருநீற்றை மட்டும் இலையில் வைத்துத் தூரத்திலிருந்து தள்ளிவிடச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

ஊரே கும்பிடும் அம்மன் வெயிலிலும் மழையிலும் நிற்பதா என்று பெரிய கங்காணி லெட்சுமணனுக்குப் பொறுக்கவில்லை. கோயில் கமிட்டி ஒன்று கூடியது. கனகசுந்தரம் தலைவர். துரையின் விளையாட்டில் தலையிட முடியாதவர், சாமி காரியத்தில் தாராளமாகத் தலையிட்டார். கல் கட்டடம், தகரக் கூரை, சுற்றிலும் மதில் என்று படம் போட்டுக்கொண்டு பெரிய துரையிடம் போனார்கள். பந்தைத் தடுக்க ஒரு மதில் என்றதும் துரைக்கு வாயெல்லாம் பல். சாமி முளைத்த நாளிலிருந்து அந்த வீட்டை அப்புறப்படுத்த வழி தெரியாமல் வருஷக் கணக்காகத் தவித்தவர் அவர். கூலிகளே வந்து, அதைப் பிடுங்க அனுமதி கொடுங்கள் என்று கும்பிட்டு நிற்கிறார்கள். செங்கல்லையும் தானே தருவதாகச் சொன்னார்.

கங்காணி வாசலுக்கு வெளியே நின்று செய்தி சொன்னார். "பேச்சி, அம்மனுக்குக் கோயில் கட்டப் போறோம். கருவறை ஒன் வீடு இருக்குற எடத்துலதான் வருது. மாசக் கடைசிக்குள்ள கீழ் லயத்துக்குப் போயிரு. ஒனக்கும் புண்ணியம்."

"அவரு செத்த எடமுங்க இது. நானும் இங்கயே செத்துப் போறேங்க. அப்பறம் கட்டிக்குங்க."

"சாமி காரியத்த ஒனக்காக நிறுத்தி வைக்க முடியுமா?"

அன்றைக்கு அவள் இரவெல்லாம் அழுதாள். அடுத்த நாள் கூலிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் கமிட்டி கூடியது, அங்கே நேராகப் போனாள். எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்தாள்.

"அது சாமியே இல்லீங்க. என் அம்மிக் கொழவி. மொளகா அரைச்ச கல்லு. தொரைங்க வாசல மிதிக்கக் கூடாதுன்னு நாந்தான் நட்டு வச்சேன். நம்பலன்னா பாருங்க, மத்த பாதி." முந்தானைக்குள்ளிருந்து மிச்சக் குழவியை எடுத்து நடுவில் வைத்தாள்.

கனகசுந்தரத்துக்கு அவள் மெய் சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் தலைவர் என்று தம் பெயரைப் பளிங்குக் கல்லில் வெட்டச் சிங்கப்பூருக்குச் சொல்லியனுப்பியாயிற்று. அவர் கூரையைப் பார்த்தார். கங்காணி எழுந்து வந்து, அந்தப் பாதிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஏழை வீட்டு அம்மியில வந்து குடியிருந்திருக்கா பாருங்க நம்ம ஆத்தா. இத்தன நாளா தங்கச்சிய வேற மறைச்சு வச்சிருக்கா இந்தப் பேச்சி" என்றார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒன்றாக இருந்த சாமி இரண்டாயிற்று. பொய் சொன்னபோது துரைமார்களே நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது சொந்த ஜனம் ஒருவர்கூட நம்பவில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மாசக் கடைசியில் வீட்டைப் பிரித்தார்கள். பேச்சியம்மாள் ஒரு பாயையும் நாலு சட்டியையும் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக் கடைசி அறைக்குப் போனாள். கொட்டு மேளத்தோடு அத்தாப்பு ஓலையை இறக்கினார்கள், அதனால் அவள் அழுதது யார் காதிலும் விழவில்லை.

கும்பாபிஷேகத்துக்கு ஜோகூர் பாருவிலிருந்து ரயிலில் குருக்களை வரவழைத்தார்கள். அவர் வந்ததும் கங்காணியிடம் காதோடு காதாக ஏதோ கேட்டார். கங்காணி தலையாட்டினார். கீழ் லயத்து ஆட்கள் மதிலுக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும் என்று தண்டோரா போடப்பட்டது. கங்காணி பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒன்ன மறப்பமா ஆத்தா. பிரசாதத்த வெளியவே குடுத்தனுப்புறோம்" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

பெரிய துரையும் சின்னத் துரையும் குடும்ப சகிதமாக வந்தார்கள். பழக்கப்பட்டவர்கள் அல்லவா, யாரும் சொல்லாமலே மதில் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்கள். பெரிய துரையை மாலை போட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். பின்னால் வந்த சின்னத் துரை, வெளியே நின்றவளை அடையாளம் கண்டுகொண்டார். பரீட்சைக்குப் படித்துப் பாஸ் பண்ணிய தமிழ் அவருடையது.

"ஏ பேச்சி, நீ ஏன் இங்கே நிற்கிறாய்? உள்ளே போ."

"நான் போவக் கூடாது தொரை."

அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார். "உன் காலில் சப்பாத்து இல்லையே."

"நீங்க போட்டிருக்குறது கழட்டுனா வந்துரும் தொரை. எனக்குப் பொறந்தப்பவே போட்டு விட்டாங்க, இது கழலாது."

சின்னத் துரைக்கு விளங்கவில்லை. அவர் எழுதிய பரீட்சையில் இது வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, சப்பாத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனார். அவளுடைய அடுப்பு இருந்த இடத்தில் மணி அடித்தது.