கடைசியில் இரண்டெழுத்து

கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மிளகு புடைக்கும் பாக்கியலக்ஷ்மிக்கு, மஸ்கட்டிலிருந்து கணவன் இசக்கிராஜா அனுப்பும் எஸ்.எம்.எஸ். எல்லாம் புரியும். அந்த ஓணம் கழிந்து வந்த செய்தியின் கடைசியில் மட்டும் ஆங்கிலத்தில் எம், யூ என்று இரண்டெழுத்து இருந்தது. உடன் புடைக்கும் பிந்துவிடம் காட்டினாள்.

“மிஸ் யூ ஆயிருக்கும்டீ. உன்னை நினைச்சு ஏங்குறாராம். இல்லேன்னா வேற என்னமோ. உன் சேட்டன்கிட்டயே கேளு.”

“கேட்டா வெக்கப்பட்டு அடுத்த தடவ எழுதமாட்டாரு சேச்சி.”

அதே இரண்டெழுத்தைத் திருப்பி அனுப்பினாள். உடனே போன் அடித்தது. சுகமாக இருக்கிறேன் என்பதற்கு அவன் மிஸ்டு கால் கொடுப்பது வழக்கம். அவனுக்குக் காசு போகுமே என்று அவள் எடுப்பதில்லை. அன்றும் எடுக்கவில்லை. ஒரே மணியோடு நின்றுவிடும் அழைப்பு, அன்று அடித்து அடித்து ஓய்ந்தது. பேசத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்பது அப்புறம்தான் உறைத்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.