மாப்பிள்ளையின் குடும்பப் பெயர்

2009இல் என் மகள், தான் விரும்பிய கானா நாட்டுப் பையனைக் கட்ட நின்றபோது அவர்களுடைய குடும்பப் பெயர் குறுக்கே வந்தது. டொன்கோர் என்பது பெயர். லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருந்த என் அண்ணை யாரிடமோ விசாரித்துவிட்டு போன் எடுத்தார்.

"அடிமை எண்டு அர்த்தமாம். காசு குடுத்து வாங்கின அடிமை. எங்கட பிள்ளை அந்தப் பேரை வைச்சுக்கொண்டு திரியிறதோ? நான் சபையில நிக்கமாட்டன்."

தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் நிற்காத கலியாணத்தை அவள் செய்யமாட்டாள். எனக்குக் கவலைதான், ஆனால் கவலையைவிட என்ன ஏது என்று விடுப்பு அறியும் ஆசை கூடுதலாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு யாராவது அடிமை என்று பேர் வைப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணையும் வந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தார். எனக்கு இங்கிலீஷ் வராது; பிறத்தியார் முன்னால் தமிழும் வராது. மகளின் காதுக்குள் சொன்னேன்.

"ஏன் அப்பிடிப் பேர் வைச்சவை எண்டு கேள்."

"நீங்களே கேளுங்கோவன் அம்மா."

"எனக்கு ஏலாது."

கேட்டாள். அந்த அம்மா கோபிக்கவில்லை. வடையைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தே சொன்னார். மகள் தமிழில் சொன்னாள். அவர்கள் அக்கான் சனம். அவருடைய மாமனாருக்கு முன் பிறந்த பிள்ளைகள் எல்லாம் அடுத்தடுத்துச் செத்துப்போயினவாம். அப்படியான வீட்டில் அடுத்த பிள்ளைக்கு ஆசையான பேர் வைக்கமாட்டார்களாம். இது எங்கள் பிள்ளையே இல்லை, வாங்கி வந்த அடிமை என்று காட்டினால், இது பெறுமதியில்லை என்று சாவு விட்டுவிட்டுப் போய்விடுமாம். அப்படி மாமனாருக்கு வைத்த பேர்தான் குடும்பப் பேராகியது.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"அண்ணை, என்னையும் தவிட்டுக்கு வித்து வாங்கினதுதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கும் எனக்கும் இடையில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அம்மா என்னைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ஒரு சுளகு தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாராம். மகள் இதைச் சொல்ல அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார்.

"தவிடோ எண்டு கேக்கிறா, அம்மா! தங்கட ஆக்கள் காசெண்டாவது சொன்னவையாம்."

அண்ணை சிரிக்கவில்லை. "அந்த மாமனார் எவ்வளவு காலம் இருந்தவர் எண்டு கேள்."

"பூட்டப்பிள்ளையையும் கண்டிட்டுத்தான் போனவராம், மாமா. கடைசிவரைக்கும் எல்லாரோடையும் சண்டையாம்."

அண்ணை தட்டை இழுத்து ஒரு வடையை எடுத்தார். பிறகு மகளிடம் கேட்டார்:

"தாலிக்குப் பொன்னுருக்கிறது மாப்பிள்ளை வீட்டிலதான். அவைக்கு விளங்கப்படுத்தினனியோ?"