ஒன்றரைச் சுற்றா, இரண்டு சுற்றா

லாரியின் பின்னால் கறுகறுவென்று புகை கிளம்பினால் இன்ஜினுக்கு நல்ல தெம்பு இருக்கிறது என்றுதான் போன வருடம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தெட்டு. ஹெவி லைசென்ஸ் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொல்ல வெட்கம்தான். ஆனால் அந்த நம்பிக்கை உடைந்த அன்றைக்குக் கேபினில் என்னோடு இருந்த அக்கா பொன்முடி மலை முழுக்கச் சொல்லிவிட்டார், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்கு முன் நான் ஓட்டியதெல்லாம் முதலாளிமார் வண்டிகள், கம்ப்யூட்டர் வைத்தவை. கோளாறு என்றால் மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். சொந்தமாக வாங்கியது பழைய லாரி. விளக்கும் இல்லை, சென்சாரும் இல்லை. டீசலை அளந்து தள்ளுவது ஒரு இரும்புப் பம்ப். அதில் ஒரு ஸ்க்ரூ உண்டு, உள்ளே திருகினால் டீசல் கூடும். பம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாங்கி இரண்டு மாதத்தில் வண்டி ஏற்றத்தில் சோர ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் சத்தம் ஏறவில்லை. பின்னால் புகையே இல்லை. டீசல் போதாத ரத்தசோகை என்று நானே முடிவுகட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பில் யாரும் கை வைக்கக் கூடாதென்று போட்டிருந்த ஈய முத்திரையை வெட்டிவிட்டு ஸ்க்ரூவை உள்ளே திருகினேன். ஒன்றரைச் சுற்று. இரண்டாகவும் இருக்கலாம். நடுவில் வீட்டுக்காரி தோசை ஆறுகிறது என்று கத்தியதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கிளப்பியதும் தெருவே இருண்டது. சைலன்சருக்குச் சந்தனப் பொட்டு வைக்காத குறையாகச் சந்தோஷப்பட்டேன்.

அந்த வாரம்தான் பொன்முடிக்கு லோடு கிடைத்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் மூன்று வீட்டுக் கூரை காற்றில் போய்விட்டது. புதுத் தகரம் ஏற்றிப் போக வேண்டும். மூன்றில் ஒரு வீடு அந்த அக்காவுடையது. கொழுந்து பறிப்பவர், என்னைவிட மூத்தவர். தகரத்தைத் தட்டிப் பார்த்து எடுக்கத் மலையிலிருந்து தானே இறங்கி வந்து, திரும்புகையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, தெனமும் நாலு மணிக்கு மழை பிடிக்குது. அதுக்குள்ள ஏத்திருவீங்களா? மருமக கைப்புள்ளையோட கெடக்கா. மேல பார்த்தா ஆகாசம்தான்."

"மூணு மணிக்கெல்லாம் தகரம் லயத்துல இருக்கும்க்கா" என்றேன். அப்போது மணி ஒன்றரை.

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. மூன்றாவது கியரில், மிதியை அழுத்திப் பிடித்து ஏற்றினேன். பின்னால் பைக்கில் வந்தவர்கள் புகைக்குள் காணாமல் போய், மலையாளத்தில் திட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அக்கா கண்ணாடியை எட்டிப் பார்த்தார். "தம்பி, பின்னால மலையவே காணோம்."

"அது பவர்க்கா."

"பவரு வெளிய போகுது. வண்டி எப்பப் போகும்?"

ஏழாவது வளைவில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. வண்டி முக்கியது, நின்றது. நான் ஸ்டாப் கம்பியை இழுத்து இன்ஜினை அணைத்தேன். அக்கா குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, பிஸ்டன் உருகிவிட்டது என்று முடிவுசெய்து, அதன் பதினாறாம் நாள் காரியம் வரை மனதுக்குள் நடத்தி முடித்திருந்தேன்.

தகரத்தின் மேல் ஏறி நின்றால்தான் போனுக்கு ரேஞ்ச். வெயிலில் அது தோசைக்கல். காலை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டே ஈஞ்சக்கல்லில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். எல்லையோரப் பாறசாலைக்காரர், என் வயதுதான், பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எந்தாடோ, குரலு ஆடுது?"

"பிஸ்டன் போச்சு."

"யாரு சொன்னா?"

"முள்ளு சிவப்புல. உடனே ஆஃப் பண்ணிட்டேன்."

"மண்டன்! சூடான இன்ஜின சட்டுனு நிறுத்துவியா? நியூட்ரல்ல ஓட விட்டா தண்ணி சுத்தி ஆறுமே. ரேடியேட்டர் மூடியத் தொறந்தியா?"

"இல்ல."

"பாக்கியம். எந்த கியரு?"

"மூணு."

"கயற்றத்துல, மல ஏறுறப்ப மூணா? கியர எறக்கி இன்ஜின கத்த விடணும்டோ. புக எப்படி?"

"நல்ல கறுப்பு!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஸ்க்ரூல கை வெச்சு, அல்லே?"

"லேசா. ஒண்ணரை சுத்து. இல்லன்னா ரெண்டு."

"கறுத்த புகன்னா டீசல் எரியலன்னு அர்த்தம். இனி நான் சொல்றத மட்டும் செய். யாரையாவது ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மிதிக்கச் சொல்லு. பம்பு லீவரு கடைசி வரை போய் முட்டுதான்னு நீ பாரு. அதப் பாக்காம ஒருத்தனும் ஸ்க்ரூவத் தொட மாட்டான்."

அக்கா டிரைவர் சீட்டில் ஏறினார். நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். லீவர் பாதி தூரம் வந்து நின்றது.

"நல்லா மிதிங்கக்கா!"

"இதுக்கு மேல மிதிச்சா மலை தாங்காது!"

"லீவரு வரலியே. ஜாமாயிருச்சு. போச்சு, பம்பும் போச்சு!"

"ஒப்பாரிய நிறுத்துங்க தம்பி. மிதிக்கு அடியில மெத்தை மாதிரி என்னமோ கெடக்கு. அதுல போய் முட்டி நிக்குது."

கடைத்தெருவில் வாங்கிய கயிற்றுப்பாய். குதிகால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று நான்தான் இரண்டாக மடித்து விரித்திருந்தேன். எந்த வாரம் என்று யோசித்தால், வண்டி சோர்ந்த அதே வாரம். உருவி எறிந்ததும் லீவர் போய் டக்கென்று முட்டியது. இன்ஜினுக்கு ஒரு நோயும் இல்லை. நான் கொடுத்த மருந்துதான் நோய்.

ஸ்க்ரூவை இப்போது எவ்வளவு வெளியே எடுப்பது? ஒன்றரையா, இரண்டா? மறுபடி தகரத்தின் மேல் ஏறி ஆடினேன்.

"ரெண்டு எடு" என்றார் மெக்கானிக். "கொறஞ்சா மெல்லப் போவ. கூடினா வெந்து போவ."

இரண்டு சுற்று வெளியே எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் சும்மா ஓடவிட்டோம். முள் இறங்கியது. ஏற்றத்தில் இரண்டாவது கியர், வளைவில் முதல் கியர். இன்ஜின் கத்தியது, வண்டி ஏறியது. புகை இல்லாததால் எனக்குத்தான் உள்ளூரப் பயம். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியைப் பார்த்தேன்.

"ரோட்டப் பாருங்க" என்றார் அக்கா. அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேகத்தை.

மழை நாலேகாலுக்குத் தொடங்கியது. நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்து மணிக்கு. ஆண்கள் நனைந்துகொண்டே கைக்குழந்தை இருந்த அக்கா வீட்டுக்கு மட்டும் தகரம் அடித்தார்கள். மற்ற இரண்டு வீட்டுக்கும் மறுநாள் காலையில்தான் அடித்தார்கள்.