ஈர மூட்டைக்கு ரசீது போட மாட்டேன்

மூட்டையின் அடியில் கையை வைத்தேன். உள்ளங்கை நனைந்தது.

ஐம்பதுகளின் கடைசி. திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் நான் கிளார்க். இலங்கையில் வெள்ளம் வந்து ஊர் ஊராக மூழ்கியிருந்தது. அங்கே அனுப்பத் துணி திரட்ட ஒரு சினிமா நடிகர் பொன்மலை மைதானத்தில் நாடகம் போட்டார். புது வேட்டியோ சேலையோ கொடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவ நடிகர் முகம் எதற்கு என்று நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஒரு வேகன் நிறையச் சேர்ந்துவிட்டது.

நாடகத்துக்கு மறுநாள் காலை நடிகர் வந்து கொடியசைக்க வேண்டும். அவர் வருவதற்குள் நான் மூட்டைகளை புக் பண்ணி ரசீது போட வேண்டும். ஈரமாயிருந்த ஒன்றைப் பிரித்தேன், குப்பென்று வாடை அடித்தது. நடிகரைப் பார்க்க முன்கூட்டியே வந்திருந்த ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் விஷயத்தைச் சொன்னார்.

"புதுசானாலும் காவேரியில ஒரு தரம் நனைச்சுப் பிழிஞ்சாத்தானே மடி, ஆசாரம்? எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் குடுத்தோம். அங்க போய்க் காஞ்சுக்காதோ?"

"போய்ச் சேர நாலு நாள் ஆகும் மாமி. மத்த துணியும் சேர்ந்து பூசணம் பிடிச்சிரும்."

துணி திரட்டிய கமிட்டியின் செயலாளர் பாலக்கரை ஜவுளிக் கடைக்காரர். பாய்ந்து வந்தார்.

"என்னய்யா, அவர் வர்ற நேரத்துல மூட்டையப் பிரிக்கிற? மேல சொல்லி உன்னை மாத்திடுவேன்!"

"மாத்துங்க சார். உங்க கடையில ஈரத் துணியக் கட்டி வைப்பீங்களா?"

நடிகர் வந்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அந்த வாடைத் துணியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"வெள்ளத்துல எல்லாத்தையும் விட்டுட்டு நிக்கிறவங்களுக்கு இதையா சார் அனுப்பறது?"

முகர்ந்து பார்த்தார். முகம் சுருங்கியது. தள்ளுவண்டி மேல் ஏறினார்.

"என்னைப் பார்க்க வந்தவங்க ஆளுக்கு ஒரு துணிய விரிச்சுப் பிடிங்க. காயாம வேகன் கிளம்பாது."

கூட்ஸ் ஷெட் வெயிலில் நூற்றுக்கணக்கான கைகள் நீண்டன. நான் கத்தியிருந்தால் பத்துப் பேர்கூட வந்திருக்க மாட்டார்கள். நடிகரும் ஒரு சேலையின் நுனியைப் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அவர் கார் கிளம்பியது. பாதிக் கூட்டம் பின்னாலேயே ஓடியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாமி நகரவில்லை. மாமி பிடித்திருந்த சேலையின் மறுமுனையைச் செயலாளர் முணுமுணுத்துக்கொண்டே பிடித்திருந்தார். சாயங்கால வண்டியில் காய்ந்த துணி இலங்கைக்குக் கப்பலேறத் தனுஷ்கோடிக்குப் போயிற்று.

மறுநாள் பேப்பரில் நடிகர் படம் மட்டும்தான். திட்ட வாயெடுத்தேன். அவர் சொல்லித்தானே அத்தனை கை நீண்டது என்று தோன்றியது, பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று நிவாரண வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பிரபலமானவர்களைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் மூட்டையைத் தொட்டுப் பார்க்கிற வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதை அவர் கார் கிளம்புவதற்குள் கேட்டுவிடுங்கள்.