பூந்தமல்லிக்குப் புது விதை வந்தபோது

விளைச்சல் நன்றாக வந்தால் பேர் மழைக்கு, வராவிட்டால் திட்டு விதை விற்றவனுக்கு. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு விதைக் கடையில் நான் விற்பனையாளன். இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய ஒட்டு விதைகள் பாக்கெட் பாக்கெட்டாக வந்து இறங்கிய காலம்.

ரோஸ் கலர்

முதல் தக்காளிப் பாக்கெட்டை முனுசாமி அண்ணனுக்குத்தான் பிரித்துக் காட்டினேன். கள்ளிக்குப்பத்தில் தோட்டம் வைத்திருந்தவர், சைக்கிளில் வருவார். பூச்சி அரிக்காமலிருக்க மருந்து கலந்த விதை, ரோஸ் நிறத்தில் மின்னியது. அண்ணன் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா இது, வெதைக்கெல்லாம் லிப்ஸ்டிக் போட்டு அனுப்பிகீறானுங்க?"

மூன்று தினுசு

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த சரஸ்வதியம்மா மதுரைக்காரர். எங்கள் தக்காளி அவர் வீட்டுக் கொல்லையில் காய்த்துக் குலுங்கியது. அந்தப் பழத்திலிருந்தே விதையெடுத்து மறுபடி போட்டிருக்கிறார். ஒரு நாள் அதில் காய்த்த தக்காளிகளைப் பையோடு கவுன்ட்டரில் கவிழ்த்தார். ஒன்று உருண்டை, ஒன்று நீளம், ஒன்று நெல்லிக்காய் அளவு. "ஒட்டு விதையோட பிள்ளைங்க ஒண்ணு போல ஒண்ணு இருக்காதும்மா" என்றேன்.

"நானுந்தான் மூணு பிள்ள பெத்தேன், மூணும் மூணு தினுசு. அதுக்கு ஒங்க கடையிலயா பாக்கெட்டு வாங்குனேன்?"

வாசல் தொட்டி

அப்புறம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. அறுவடை செய்த விதை மறுபடி முளைக்காதபடி செய்ய வெளிநாட்டில் வழி கண்டுபிடித்திருக்கிறார்களாம். டீக்கடைகளைத் தாண்டி வருவதற்குள் அந்த விதை எங்கள் பாக்கெட்டிலேயே இருப்பதாக ஆகிவிட்டது. முனுசாமி அண்ணன் பத்துப் பேரோடு வந்தார். முகத்தில் கோபமில்லை, பயம். "என் நெலம் மலடாப்பூடுமா நைனா? ஏழு பேர் துன்ற நெலம்."

எனக்கும் உறுதியாகத் தெரியாது. எங்கள் விதையில் அவர் தோட்டத்தில் காய்த்த தக்காளியையே வாங்கி, விதையெடுத்து, கடை வாசலில் ஒரு தொட்டியில் போட்டேன். முளைக்காவிட்டால் மொத்த சரக்கையும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று முதலாளியைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். தினமும் கூட்டம். பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி "வந்துச்சா?" என்பார். ஐந்தாம் நாளும் மண் அப்படியே கிடந்தது. ஏழாம் நாள் காலை ஷட்டரைத் தூக்கினால், பச்சைப் பசேலென்று இரண்டு முளை! தெருவே விசிலடித்தது. அண்ணன் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மொளச்சிகீது, ஒத்துக்கிறேன். ஆனா எங்க ஊட்டு நாட்டு வெதையயும் டப்பால போட்டு வெச்சிப்பேன் நைனா."

கல்யாண மண்டபத்தில்

விதை கம்பெனி ஆபீசர் ஒருவர் விவசாயிகளைக் கூட்டித் திரையில் படம் காட்டிப் பேசினார். மரபணு மாற்றிய பருத்தி வரப்போகிறது, பின்னாலேயே காய்கறியும் வரும், கடித்த புழு செத்துவிடும், மருந்தடிக்கும் வேலை மிச்சம். நான் முன்வரிசையில் உற்சாகமாகக் கைதட்டினேன். கத்தரி பயிரிடும் ருக்மணி பின்வரிசையிலிருந்து எழுந்தார்.

"புழு துன்னா சாவும்ன்றீங்க, சந்தோசம். மொதல்ல அத்த நீங்க துன்னுட்டு, அடுத்த வருசம் நல்லா நடந்து வந்து சொல்லுங்க சார், நாங்க போட்டுக்கிறோம்."

இத்தனை பேருக்கும் விதையைப் பற்றி வகுப்பெடுத்த நான், என் வீட்டு மொட்டைமாடியில் இன்றுவரை ஒரு கீரையைக்கூட முளைக்க வைத்ததில்லை என்பதை மட்டும் கவுன்ட்டரில் யாரிடமும் சொன்னதில்லை.